பத்தாவது மணி நேரத்துக்கான வண்டி

டூரிங் வண்டிகளின் விளம்பரங்களில் பாதுகாப்பு ஒரு பட்டியல், சொகுசு வேறொரு பட்டியல். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் முதல் பட்டியலில். அகலமான சீட், உயரமான விண்ட்ஸ்கிரீன், குரூஸ் கன்ட்ரோல் இரண்டாவதில். ஷோரூமில் பத்து நிமிடம் ஏறி உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்தப் பிரிவினை சரியாகத்தான் தோன்றும். நாள் முழுக்க ஓட்டுபவருக்கு அது பொருந்தாது. பத்தாவது மணி நேரத்தில் கழுத்து இறுகி, விரல் மரத்து, காது இரைகிற ஒருவர், குறுக்கே திரும்பும் லாரியைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி தாமதித்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடியிருக்கும். அந்தத் தூரத்தை எந்த ஏபிஎஸ்ஸும் மீட்டுத் தராது. ஆகவே, உடலின் சோர்வைக் குறைக்கும் எதுவும் பாதுகாப்புச் சாதனம்தான். அதை ஆளுக்கேற்ப அளந்து பொருத்தித் தருவது, பிரேக் பார்ப்பதைப் போலவே நம் பட்டறைகளின் கடமை.

வண்டிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1974இல் கொலோன் கண்காட்சிக்கு வந்த ஹோண்டா கோல்டு விங்கில் 999 சிசி எஞ்சினும் ஷாஃப்ட் டிரைவும் இருந்தன. காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. வாங்கியவர்கள் வெளியே ஃபேரிங் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கம்பெனியே ஃபேரிங்கோடு இன்டர்ஸ்டேட் மாடலைத் தந்தது 1980இல். அதற்கு முன்பே, 1976இல், பிஎம்டபிள்யூ தன் ஆர்100ஆர்எஸ் வண்டியின் முழு ஃபேரிங்கைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்திருந்தது. காரணம் எளிது. வேகம் இரட்டித்தால் மார்பில் மோதும் காற்றின் விசை நான்கு மடங்காகும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றிரைச்சல் எஞ்சின் சத்தத்தையே அமுக்கிவிடும். ஆளைத் தொலைதூரம் கொண்டுபோக எஞ்சினின் பலம் மட்டும் போதவில்லை.

ஆனால் பாகத்தை மாட்டிவிடுவதாலேயே சோர்வு தீர்ந்துவிடாது. விண்ட்ஸ்கிரீன் உயரமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விளிம்பில் சுழன்றெழும் காற்று நேராக ஹெல்மெட்டில் அடித்தால், ஸ்கிரீனே இல்லாத வண்டியைவிடக் கழுத்து அதிகம் வலிக்கும். காலியான சாலையில் ஃபுட்ரெஸ்ட்டை ஊன்றிச் சற்றே எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும்: தலை உயர்ந்ததும் ஆட்டம் அடங்கினால், ஸ்கிரீனைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷனும் அப்படியே. 200 மில்லிமீட்டர் இயக்கமுள்ள ஹிமாலயன் 450 போன்ற வண்டியில், ஓட்டுபவர் ஜாக்கெட், பெட்டிகளோடு ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 65 மில்லிமீட்டர், அமுங்க வேண்டும். சுமை ஏற்றிவிட்டு பிரீலோடை இறுக்காமல் விட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்தின் பிடி குறையும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்கிரீனின் சாய்வும் மாறிப்போகும். இதில் எது சொகுசு, எது பாதுகாப்பு என்று யாரால் பிரிக்க முடியும்?

புதிய தொழில்நுட்பத்தையும் இதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்: உடலிடமிருந்தும் கண்ணிடமிருந்தும் வேலையை வாங்கிக்கொள்கிறதா, புதிதாக வேலை வைக்கிறதா? சாதாரண குரூஸ் கன்ட்ரோல் வலது மணிக்கட்டுக்கு ஓய்வு தருகிறது. மின்னணு சஸ்பென்ஷன் பாதைக்கேற்ப டேம்பிங்கை நொடிக்குள் மாற்றுகிறது. ஆனால் பல வண்டிகளில் ஒரு ஹெல்மெட், இரண்டு ஹெல்மெட், பெட்டி என்று திரையில் வரும் சுமைக் குறியை ஓட்டுபவர்தான் மாற்ற வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் சாவியைக் கொடுத்தால் போட்ட பணம் வீண். 2020இல் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 முன்னும் பின்னும் ரேடாரோடு வந்தது. முன்னே போகும் வண்டியோடு இடைவெளியைக் காக்க அது மிதமாகத்தான் பிரேக் பிடிக்கும்; திடீரென்று பிடித்தால் தளர்ந்து உட்கார்ந்திருப்பவர் நிலைகுலைவார். குறுக்கே ஆடுமாடு வரும் நம் சாலையில் அதை நம்பி அசந்துவிடக் கூடாது. ஓடும்போதே மெனுவுக்குள் மெனுவாகத் தேட வைக்கும் பெரிய திரையோ இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

மறுப்புகள் உண்டு. பழைய புல்லட்டில் லடாக் போய் வந்தவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள்; அது அவர்கள் தாங்கிய பாட்டுக்குச் சான்று, வண்டியின் தகுதிக்கு அல்ல. மின்னணுப் பாகம் நடுவழியில் பழுதானால் ஸ்பேனர் உதவாது என்பது நியாயமான கவலை. ஆனால் இங்கே சொன்ன பெரும்பாலான பலன் ஸ்பேனரும் அளவு டேப்பும் தருவது. மின்னணு அதற்கு மேல்தான். சொகுசு கூடினால் ஆள் அசட்டையாகி வேகம் கூட்டுவார் என்பதுதான் வலுவான வாதம். காற்றும் அதிர்வும் தெரியாதபோது வேகமும் தெரியாது என்பது உண்மை. அதற்கு மருந்து ஆளை வேதனையில் வைத்திருப்பதல்ல. வலி எச்சரிக்கும் நேரம் குறைவு, களைப்பாக்கும் நேரம் அதிகம். வேக எச்சரிக்கையைப் போட்டுக் கொடுப்பதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கச் சொல்வதும் அதைவிடப் பயன் தரும்.

எனவே டெலிவரிக்கு முன் நிரப்பும் படிவத்தில் மூன்று வரிகள் சேர வேண்டும்: சுமையோடு அமுங்கும் அளவு, ஸ்கிரீனின் உயரம், ஹேண்டில்பாரும் லீவர்களும் நிற்கும் கோணம். மூன்றையும் வாடிக்கையாளரை வண்டியில் உட்கார வைத்தே எழுத வேண்டும். முதல் சர்வீஸில், அவர் எங்கே வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். அரை மணி நேர வேலைக்குக் கூலி கேட்பதிலும் தவறில்லை. ரேடார் விற்கத் தெரிந்த கடை பிரீலோடைத் திருப்பத் தயங்கினால், அந்தக் கடை டூரிங் வண்டி விற்கத் தகுதி பெறவில்லை.