தெருமுனைக் கடைக்கு சரக்கு லைசென்ஸ்... 'வேண்டாம்'னு சொன்னா மட்டும் போதுமா?

லண்டன்ல ஏதாவது ஒரு தெருமுனைக் கடையைக் கற்பனை பண்ணிக்கோங்க. பால், பிரெட், முட்டை, லாட்டரி டிக்கெட்னு எல்லாம் கிடைக்கும். யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர்கூட அதை நடத்திட்டு இருக்கலாம். அங்கே இந்தத் தொழில்ல ஈழத் தமிழர்கள் நிறைய பேர் இருக்காங்க. ஒருநாள் கடைக் கண்ணாடியில வெளிர்நீலத் தாள்ல ஒரு அறிவிப்பு: இங்கே மது விற்க உரிமம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கோம். அவ்வளவுதான், தெரு ரெண்டாகிடும்.

டாஸ்மாக்கையே பார்த்துப் பழகின நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் புதுசா இருக்கும். கடைக்காரர் உரிமம் கேட்கணும். உள்ளூர் கவுன்சில் கொடுக்கணும். நடுவுல அந்த நீலத்தாள் 28 நாள் எல்லோர் கண்ணுலயும் படுற மாதிரி இருக்கணும். அந்த 28 நாளுக்குள்ள யார் வேணும்னாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். 2003-ம் ஆண்டின் லைசென்ஸிங் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வகுத்துக் கொடுத்த வழி இது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, சிக்கலே இனிமேல்தான்!

நாலே நாலு காரணம்

எதிர்க்கலாம், சரி. எந்தக் காரணத்தைச் சொல்லி? சட்டம் நாலு காரணங்களை மட்டும்தான் ஏத்துக்கும். குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை வராமல் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது.

'குடி குடியைக் கெடுக்கும்'னு நீங்க பக்கம் பக்கமா எழுதலாம். அது உண்மையும்கூட. ஆனா, அந்த நாலுல எதுலயும் அது அடங்காது. 'ஏற்கெனவே இந்த ரோட்டுல இத்தனை கடை இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?'ன்னு கேட்டாலும் எடுபடாது. கடை தேவையா இல்லையாங்கிறது வியாபாரக் கணக்கு, அது எங்க வேலை இல்லைன்னு கவுன்சில் சொல்லிடும். உடல்நலத்தைக் காரணமா சொல்லலாம்னா, அதுவும் தனிக் காரணமா இந்தப் பட்டியல்ல கிடையாது. பக்கத்துல இருக்கிற ஸ்காட்லாந்துல மட்டும் அது அஞ்சாவது காரணமா சட்டத்துலயே இருக்கு.

இன்னொரு விஷயம் கேட்டா ஆச்சர்யப்படுவீங்க. செல்லுபடியாகுற எதிர்ப்பு ஒண்ணுகூட வரலைன்னா, கவுன்சில் அந்த உரிமத்தைக் கொடுத்தே ஆகணும். மறுக்கிற அதிகாரமே அதுக்குக் கிடையாது. அதனால, 'யாராவது எழுதுவாங்க'ன்னு தெருவே சும்மா இருந்தா, கதை அங்கேயே முடிஞ்சுது.

கோபம் இல்லை, குறிப்பு

எதிர்ப்பு வந்தா விசாரணை நடக்கும். மூணு கவுன்சிலர்கள் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் கேட்பாங்க. அங்கே ஜெயிக்கிறது கோபம் இல்லை, கையில இருக்கிற குறிப்புதான். 'ராத்திரி எல்லாம் ஒரே ரகளை'ன்னு சொன்னா போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், போலீஸுக்குப் போன் போச்சா? இதெல்லாம் இருந்தாத்தான் வாதத்துக்கு எடை.

இதுல இன்னொரு சங்கடமும் உண்டு. எதிர்ப்பு மனுவுல பேரும் முகவரியும் எழுதணும். பொதுவா அது விண்ணப்பம் போட்ட கடைக்காரர் கைக்கும் போகும். நாளைக்குக் காலையில அதே கடையிலதான் நீங்க பால் வாங்கணும். எத்தனை பேர் துணிவாங்க, சொல்லுங்க?

கடைக்காரர் பக்கமும் யோசிங்க பாஸ். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளோட மல்லுக்கட்டுற சின்னக் கடை அது. பால், பிரெட்ல நிக்கிற லாபத்தை வெச்சு வாடகை கட்ட முடியுமா? ஊருக்கே குடி பிடிக்கலைங்கிறதுக்காக ஒரு குடும்பத்தோட பிழைப்பை மறுக்கக் கூடாது. இந்தக் கடையால, இந்த வாசல்ல என்ன கெடுதல் வரும்னுதான் பார்க்கணும். சட்டம் இப்படி யோசிக்கிறதுல நியாயம் இருக்கு.

நடுவுல ஒரு வழி

அதனாலதான் பல வழக்குகள் 'ஆமா', 'இல்லை'ன்னு முடியறதில்லை, நிபந்தனைகள்ல முடியுது. ராத்திரி விற்பனை நேரத்தைக் குறைப்பது, கேமரா வெச்சுப் பதிவைப் பத்திரப்படுத்துவது, போதை அதிகமான மலிவு பீரை விற்காமல் இருப்பது, 25 வயசுக்குக் கீழ தெரியுற எல்லார்கிட்டயும் அடையாள அட்டை கேட்பது. தீர்ப்பு பிடிக்கலைன்னா ரெண்டு தரப்புமே 21 நாளுக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகலாம். உரிமம் கொடுத்த பிறகு தொல்லை வந்தாலும், மறுஆய்வு கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

ஆனா, ஒரு ஓட்டை இருக்கு. ஒவ்வொரு கடையா பார்த்தா எதுலயும் தப்பு தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் ஒரு தெருவைக் கெடுக்கும். சில கவுன்சில்கள் தங்கள் பகுதியில 'மொத்தத் தாக்கம்' எவ்வளவுன்னு ஆதாரத்தோட அறிக்கை வெளியிட்டிருக்காங்க. அந்த இடங்கள்ல, 'என்னால நிலைமை இன்னும் மோசமாகாது'ன்னு கடைக்காரர்தான் விளக்கணும். அறிக்கை இல்லாத இடங்கள்ல அந்தப் பாரம் குடியிருக்கிறவங்க தலையில விழுது. வேலைக்கும் வீட்டுக்கும் அலையுறவங்க எத்தனை ராத்திரி முழிச்சு, தேதி குறிச்சு வைக்க முடியும்? நேரமும் படிப்பும் இருக்கிற தெரு தப்பிச்சுக்கும். இல்லாத தெருவுல கடை வரும்.

உங்க சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யாராவது அங்கே இருந்தா இதை ஃபார்வேர்டு பண்ணுங்க. கடை நடத்துறவரா இருந்தா, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல பேசிட்டு, நிபந்தனைகளை நீங்களே எழுதிக் கொடுங்க. குடியிருக்கிறவரா இருந்தா, நீலத்தாளைப் பார்த்த அன்னிக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்து, 28-வது நாள் எந்தத் தேதியில வருதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க.