பாதியில் நின்றவர்களின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள். எங்கள் பெற்றோரும், எங்களுக்காக வங்கிக்கும் கல்லூரிக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்த அக்காக்களும் அண்ணன்களும் எங்களோடு இருக்கிறார்கள். ஊரில் எங்களைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தைதான் வரும். “பையன் என்ன பண்றான்?” “இன்ஜினியரிங் சேர்ந்தான், டிஸ்கன்டினியூ பண்ணிட்டான்.” பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஏன் நின்றான் என்று கேட்பவர் ஒருவர் இருவர். நின்ற பிறகு அவன் கட்டிய பணம் என்ன ஆனது, வாங்கிய கடன் என்ன ஆனது, ஸ்காலர்ஷிப் என்ன ஆனது என்று கேட்பவர் யாருமில்லை. அந்தக் கணக்கைக் கேட்பதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

இதை எழுதும் வேலை என்னிடம் தரப்பட்டிருப்பதால் என் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மெக்கானிக்கல், மூன்றாவது செமஸ்டர். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். வீட்டில் சம்பாதிக்கக்கூடிய அடுத்த ஆள் நான். டி.சி. வாங்கப் போனபோது மீதி ஐந்து செமஸ்டர் கட்டணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் கிடைக்கும் என்றார்கள். நான் போனால் அந்த சீட் காலியாகவே கிடக்கும், அந்த நஷ்டத்தை யார் தருவது என்று கேட்டார்கள். அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ. எழுத்தர் கதவைத் திறந்தபோது பழுப்பு உறைகள் வரிசையாகத் தெரிந்தன. என் உறை மேலிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது. மூலையில் என் போட்டோ ஒட்டியிருந்ததால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. உள்ளே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், பள்ளிக்கூடத்து டி.சி., சாதிச் சான்றிதழ். அம்மா மஞ்சள் பையில் எட்டாயிரம் ரூபாய் கொண்டு வந்திருந்தார். அதை வெளியே எடுக்கவேயில்லை. பீரோவைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டு திறக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை ஐ.டி.ஐ.யில் சேர முடியவில்லை, ஒரிஜினல் கேட்ட எந்த வேலைக்கும் போக முடியவில்லை.

அன்று எனக்குத் தெரியாததை இன்று எல்லோருக்கும் சொல்கிறோம். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் அங்கீகார நடைமுறைக் கையேடு தெளிவாகச் சொல்கிறது: சேர்க்கையை ரத்து செய்யும் மாணவரிடம் அடுத்தடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது, திருப்பித் தர வேண்டிய பணத்தையும் சான்றிதழ்களையும் ஏழு நாளில் தர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையும் ஒரிஜினல்களைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தரச் சொல்கிறது. சான்றிதழ் என்பது கடனுக்குப் பிடித்து வைக்கும் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விதிக்குப் பஞ்சமில்லை. அந்த விதி பீரோ இருக்கும் அறைக்குள் நுழைந்ததில்லை, அவ்வளவுதான். காலி சீட்டால் கல்லூரிக்கு நஷ்டம் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த நஷ்டத்தைத் தாங்கும் தோள் கல்லூரிக்கு இருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இல்லை.

சான்றிதழாவது கண்ணுக்குத் தெரிகிற பூட்டு. கல்விக்கடனில் விழுவது தெரியாத பூட்டு.

நான்கு லட்சம் ரூபாய் வரை ஜாமீன் சொத்தில்லாமல் கல்விக்கடன் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009-இல் வந்தது. எங்களைப் போன்ற வீடுகளில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தைரியம் தந்தது அந்த மானியம்தான். அதே திட்டத்தின் விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: படிப்பை நடுவில் நிறுத்தியவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையிலோ தேர்ச்சிக் குறைவாலோ வெளியேற்றப்பட்டவருக்கும் வட்டி மானியம் கிடையாது. அப்பாவுக்கு அடிபட்டதற்காக வீட்டுக்குப் போனவரையும் ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்திருக்கிறார்கள்.

ஒரு வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு லட்சமாக இரண்டு ஆண்டு எடுத்த கடன் இரண்டு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெண் மூன்றாம் ஆண்டுக்குப் போகவில்லை. வங்கி அடுத்த தவணையை நிறுத்திவிடும், அது நியாயம். ஆனால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் வட்டி அன்றிலிருந்து அந்த வீட்டின் தலையில். பட்டம் கையில் இல்லாததால் பட்டத்துக்கு உரிய சம்பளமும் வராது. தவணை தவறினால் சிபில் பதிவு கெடும். நாளைக்கு அவள் தையல் மெஷின் வாங்க ஒரு சின்னக் கடன் கேட்டாலும் அந்தப் பழைய கணக்குதான் முதலில் வந்து நிற்கும்.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மருத்துவக் காரணத்தால் நின்றவருக்கு மானியம் தொடரும்; அதற்கான ஆவணங்கள் கல்லூரித் தலைவருக்குத் திருப்தி தர வேண்டும். எங்கள் முதல் கூட்டத்தில் அதிக நேரம் பேசியது இந்த ஒரு வாசகத்தைப் பற்றித்தான். யாருடைய திருப்தி? கட்டணப் பாக்கிக்காக யார் எங்கள் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறாரோ அவருடைய திருப்தி. அவரிடம் போய் நின்று, நான் நோயாளிதான் என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். வங்கிக்கும் மாணவருக்கும் இடையிலான கணக்கில் சாவியைக் கல்லூரியிடம் கொடுத்துவிட்டார்கள். நோய்க்கு மட்டும்தான் விலக்கு என்பதும் வீட்டை அறியாதவர் எழுதிய விதி. தந்தை இறந்தால்? வெள்ளத்தில் வீடு போனால்? விடுதியில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டு, அங்கே இனி ஒரு நாளும் இருக்க முடியாது என்று வெளியே வந்தால்? குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனால்? இவற்றில் எதற்கும் அந்த விதியில் இடமில்லை.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில் முடிச்சு வேறு மாதிரி. கல்வியாண்டின் நடுவில் படிப்பு நின்றால், வாங்கிய தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு மாணவருடையது, கேட்பதா விடுவதா என்பது மாநில அரசின் முடிவு என்று அதன் விதிகளில் நெடுங்காலமாக ஒரு வரி உண்டு. இப்போது பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வந்ததும் கல்லூரிக்குக் கட்டிவிடுகிறார். ஆக, பணம் இருப்பது கல்லூரியிடம், திருப்பிக் கேட்கப்படுபவர் மாணவர். கூலி வேலைக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளை, தன் கையில் ஒரு நாளும் தங்காத பணத்துக்குக் கடனாளி. இந்த வரியை நீக்க வேண்டும். நீக்கும் வரை, தமிழக அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை என்று அரசாணையாகச் சொல்ல வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் படிப்பு நின்றால் நின்றுவிடும். படிப்பவருக்கான பணம் அது. அதில் எங்களுக்கு வழக்கில்லை.

வேறு நாட்டில் எப்படி என்று பார்த்தோம். அமெரிக்காவில் ஒன்றிய அரசின் நிதியுதவி பெறும் மாணவர் நடுவில் விலகினால் நாட்களை எண்ணுகிறார்கள். பருவத்தில் 30 சதவீத நாள் படித்திருந்தால் உதவியில் 30 சதவீதம் அவர் ஈட்டியது. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் அவருடையது. மீதியில் தன் பங்கைக் கல்லூரி 45 நாளுக்குள் அரசுக்குத் திருப்ப வேண்டும். அங்கும் கஷ்டம் உண்டு. பணம் அரசுக்குத் திரும்பியதும் அந்தப் பள்ளத்தை மாணவரிடம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே நட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. படித்த நாளுக்கு மதிப்பு உண்டு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறதே, அந்த ஒப்புதல் எங்களுக்கும் வேண்டும். மூன்று செமஸ்டர் உட்கார்ந்து எழுதிய பரீட்சையை யாரும் பூஜ்யம் என்று சொல்லக் கூடாது.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டில் போனால் சான்றிதழ், இரண்டாண்டில் போனால் டிப்ளமா என்கிறது. ஏழைப் பிள்ளைகளை வெளியே அனுப்பும் ஏற்பாடு இது என்று தமிழகத்தில் எழுந்த கண்டனத்தில் நாங்களும் சேர்கிறோம். வெளியே போக எங்களுக்கு யாரும் கதவு அமைத்துத் தர வேண்டியதில்லை, வறுமையே தள்ளிவிடும். திரும்பி வரத்தான் கதவு வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வந்தாலும் அதே ஸ்காலர்ஷிப், அதே கடன், அதே வட்டி மானியம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவருக்கு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்புத் தரலாம் என்று வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே சொல்கிறது. இதை எங்களில் ஒருவருக்கும் எந்தக் கிளையிலும் சொன்னதில்லை. ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினால் இடைவெளி, சொல்லாமல் நின்றால் டிஸ்கன்டினியூ என்கிற வித்தியாசமும் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே எங்கள் நிலை இது. விலகும் மாணவருக்குக் கட்டியது, கழிந்தது, திரும்ப வேண்டியது, கடனில் நிற்பது எல்லாம் ஒரே தாளில் எழுதி, கல்லூரி முத்திரையோடு ஏழு நாளில் கையில் தரப்பட வேண்டும். வட்டி மானிய விலக்கை முடிவு செய்யும் அதிகாரம் கல்லூரியிடமிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மரணம், விபத்து, பேரிடர், பிரசவம், சாதிக் கொடுமை அனைத்தும் அந்த விலக்குக்குள் வர வேண்டும். மாணவர் சேர்க்கையன்று கட்டண ரசீதோடு, நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதும் தமிழில் அச்சடித்துத் தரப்பட வேண்டும். அப்பாவும் அம்மாவும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேலை இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பதினொரு பேரின் ஒரிஜினல்கள் இன்னும் கல்லூரி பீரோக்களில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மனு, ஏழு நாள் விதியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில். எழுதத் தெரிந்தவர்கள் பேனாவோடு வாருங்கள். கட்டண ரசீது, வங்கிப் பாஸ்புக், ஸ்காலர்ஷிப் விண்ணப்ப எண் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும் நினைவிருந்தால் போதும், அங்கிருந்து தொடங்கிவிடலாம்.