அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்!

தமிழில் திருக்குறளுக்கு அடுத்தபடியாக அதிக முறை எழுதப்பட்ட வரி எதுவாக இருக்கும்? என் ஓட்டு இதற்குத்தான்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி...'

இயற்றிய புலவர் யாரென்று தெரியாது. ஆனால் நம்மூரில் எந்த விபத்து எஃப்.ஐ.ஆரைப் புரட்டினாலும் இந்த வரி தென்படும். ஹைவேயில் பறந்த பஸ்ஸும் அதிவேகம்தான். சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்த மாருதியும் அதிவேகம்தான். ஏன், பிரேக் போட்டு நிறுத்தியிருந்த வண்டிகூட ஸ்டேஷன் ஏட்டில் ஏறும்போது அதிவேகம் பிடித்துவிடும்.

போலீஸ்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தின் வார்த்தை அப்படி. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281. இரண்டிலும் இருப்பது 'கண்மூடித்தனமாக *அல்லது* அஜாக்கிரதையாக' என்பதுதான். அந்த 'அல்லது' ஸ்டேஷன் வாசற்படி ஏறும்போது வழுக்கி விழுந்து 'உம்' ஆகிவிடுகிறது!

இதற்குத் துணையாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத இன்னொரு சட்டம் உண்டு. பெரிய வண்டி மேலேதான் தப்பு. லாரியும் காரும் மோதினால் லாரி. காரும் ஸ்கூட்டரும் மோதினால் கார். ஸ்கூட்டரும் சைக்கிளும் மோதினால் ஸ்கூட்டர். சைக்கிளும் நடந்து போகிறவரும் மோதினால் சைக்கிள். நடந்து போகிறவரும் ஆடும் மோதிக்கொண்டால்..? ஆட்டுக்காரர் வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

* * *

எங்கள் காலனியில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். காரில் நாற்பதைத் தாண்ட மாட்டார். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடித்துக் களைத்து, கடைசியில் எஃப்.எம்.மில் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

2024 நவம்பரில் ஒரு சாயங்காலம். சிவப்பு சிக்னலில் நின்றிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்து டமால்! இருபது வயசுப் பையன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. வாத்தியார்தான் 108-க்குப் போன் போட்டு, கூடவே ஆஸ்பத்திரிக்கும் போனார். ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். மோட்டார் வாகனச் சட்டம் டிரைவருக்குச் சொல்லும் கடமைகளில் இந்த இரண்டும் உண்டு: அடிபட்டவருக்கு வைத்தியம், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"சார், உங்க மேலே கேஸ் ஆகியிருக்கு. வண்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

போலீஸ் இணையதளத்திலிருந்து எஃப்.ஐ.ஆரை இறக்கிப் பார்த்தார். (எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும், பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் மட்டும் விலக்கு என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் தவம் கிடக்க வேண்டியதில்லை.) புகார் கொடுத்தவர் பையனின் சித்தப்பா. விபத்து நடந்தபோது அவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை. வாத்தியார் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து, 'எதிரே வந்த' பைக்கில் மோதினாராம்!

முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? மனிதர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். 'எதிரே' என்பதை அடித்து 'பின்னால்'. 'ஓட்டி வந்து' என்பதை அடித்து 'நின்றுகொண்டிருந்த'. நேரம் தப்பு. ஓரத்தில் 'கவனம் போதாது' என்று ஒரு குறிப்பு வேறு. அதை அப்படியே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்.

ஏட்டய்யா பொறுமையாகப் பார்த்தார்.

"சார், இது பரீட்சைப் பேப்பர் இல்லே. பதிவானது பதிவானதுதான். கமாவைக்கூட மாத்த முடியாது. காப்பி கோர்ட்டுக்குப் போயாச்சு."

* * *

ஏட்டய்யா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் ஸ்டேஷனில் தொண்டைத் தண்ணீரை வற்றவைக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸின் தீர்ப்பு அல்ல. யாரோ ஒருவர் வந்து சொன்ன முதல் தகவல். பெயரிலேயே 'முதல்' இருக்கிறது! சொன்னதை எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, இலவசமாக ஒரு காப்பியும் கொடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173. அதில் இருப்பது பொய்யாகவே இருந்தாலும் ஒயிட்னர் போட முடியாது. போடவும் கூடாது. இன்றைக்கு உங்களுக்காகத் திருத்தினால், நாளைக்கு உங்களுக்கு எதிராகவும் திருத்துவார்களே!

அப்புறம் என்ன வழி? பழைய பேப்பரை அழிக்க முடியாது. பக்கத்தில் புதுப் பேப்பரை வைக்க முடியும். வாத்தியார் ராத்திரியே ஸ்டேஷனில் வாயால் சொன்னது காற்றோடு போச்சு. சித்தப்பா எழுத்தில் கொடுத்தது நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் வாத்தியாருக்கு நாலா பக்கமும் வேறு உபதேசம்.

"எதுக்கு சார் கோர்ட்டு வாசல்? தப்பை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிடுங்க. பையனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கும். உங்க பாக்கெட்டிலிருந்தா போகுது?"

வீட்டம்மாவும், "பேசாம கட்டிட்டு வாங்களேன். புண்ணியமாப் போகும்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபைன் கட்டுவது கரண்ட் பில் கட்டுவது போல இல்லை. கொடுங்காயம் ஏற்படுத்தியதாக 125(பி) பிரிவில் கேஸ் என்றால், 10,000 ரூபாய் வரை அபராதம். 3 வருஷம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் 'குற்றவாளி' என்று எழுதப்படும். செய்யாத தப்புக்கு, அறுபத்திரண்டாவது வயசில்!

"நாளைக்கு என் பழைய பசங்க பாத்தா என்ன நினைப்பாங்க? சாரே சிக்னல்லே இடிச்சுட்டாருன்னுதானே?" என்றார். அந்த ஒரு வரியில் வீட்டம்மா அடங்கிப் போனார்.

* * *

வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவைத் திறந்தார். ஒரே பக்கம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நின்றார், பைக் எங்கே இடித்தது. 'பொய்ப் புகார்', 'சதி', 'மன உளைச்சல்' எதுவும் கிடையாது. கீழே ஸ்கேல் வைத்து ஒரு படம். (கணக்கு வாத்தியாராச்சே!) இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை எஸ்.ஐ.யிடம் கொடுத்து, இன்னொன்றில் ஸ்டேஷன் சீல் வாங்கினார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதே நகல்.

அடுத்து, அந்த ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்லும் காகிதங்கள். இவை எல்லா விபத்து கேஸிலும் உண்டு. கேட்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

முதலாவது, ஆஸ்பத்திரியில் எழுதும் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர். ஏ.ஆர். காப்பி என்பார்கள். கேஷுவாலிட்டி டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். அப்போது வக்கீலும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. வலியில் இருந்த பையன் உள்ளதைச் சொல்லியிருந்தான்: நின்ற காரின் பின்னால் மோதியதாக!

இரண்டாவது, மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட். எந்த வண்டிக்கு எங்கே அடி என்று அதில் இருக்கும். காரில் டிக்கியும் பின் பம்பரும் நசுங்கியிருந்தன. பைக்கில் முன்பக்க ஃபோர்க் வளைந்திருந்தது. 'எதிரே வந்த' பைக்கில் மோதினால் டிக்கி எப்படி சார் நசுங்கும்? அஞ்சாங்கிளாஸ் பையன் போடுவான் இந்தக் கணக்கை.

மூன்றாவது, கேமரா. சிக்னல் பக்கத்து மருந்துக் கடையில் ஒன்று இருந்தது. இதில் அவசரம் முக்கியம். பல கடைகளில் பழைய படம் சில நாட்களிலேயே அழிந்து, மேலே புதுசு ஏறிவிடும். வாத்தியார் கடைக்காரரிடம் எடுத்து வைக்கச் சொன்னதோடு, கைப்பற்றும்படி எஸ்.ஐ.க்கும் எழுதிக் கொடுத்தார்.

எஸ்.ஐ. இளைஞர். சினிமாவாக இருந்தால் வாத்தியாரின் பழைய மாணவராக இருந்து காலில் விழுந்திருப்பார். அப்படியெல்லாம் இல்லை. ஆனால் காகிதத்தைப் படிக்கிற எஸ்.ஐ. கடைக்காரரை விசாரித்தார், படத்தைப் பார்த்தார். ஏழு மாசம் கழித்து, 'பொருண்மைப் பிழை' என்று வாத்தியார் மேலிருந்த வழக்கை முடித்து ரிப்போர்ட் போட்டார். போலீஸ் பாஷையில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்'. சித்தப்பாவுக்கும் நோட்டீஸ் போயிற்று. கேஸை இப்படி முடிக்கும்போது புகார்தாரரைக் கேட்காமல் கோர்ட் ஏற்கக்கூடாது என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சித்தப்பா ஆட்சேபிக்கவில்லை.

* * *

ஆட்சேபிக்காததற்குக் காரணம் உண்டு. நடுவில் ஒருநாள் பையனின் அப்பா வாத்தியார் வீட்டுக்கு வந்தார். பெயின்டர். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. அப்படி எழுதிக் குடுத்தாத்தான் பணம் கிடைக்கும்னு சொன்னாங்க. பையன் கால்லே கம்பி வெச்சிருக்கு. வேலைக்குப் போக முடியலே."

வாத்தியார் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 164 என்று ஒரு பிரிவு. 2019-ல் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் இப்போதைய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் மரணம் என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம்தான். ஆக, அந்தப் பையன் பணம் கேட்க ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க வேண்டாம்! வாத்தியாரே தன் இன்ஷூரன்ஸ் பாலிசி நகலைக் கொடுத்தனுப்பினார். மனு ட்ரிப்யூனலில் நடக்கிறது.

"தன் வண்டி இன்ஷூரன்ஸ் மேலேயே கேஸ் போடச் சொல்லிக் குடுத்த மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்" என்று வீட்டம்மா இப்போதும் சொல்கிறார். பெருமையாகத்தான்.

* * *

கார்க்காரருக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடக்கும்போது 'தானே கீழே விழுந்தார்' என்றோ, 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றோ எழுதிவிடுவார்கள். மருந்து அதேதான். எழுத்தில் கொடுங்கள், சீல் வாங்குங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீட் போஸ்ட். அதற்கும் அசையவில்லையா, மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு. 173-ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது.

எஃப்.ஐ.ஆர். எதிராக இருக்கிறதே, இனி நஷ்டஈடு அவ்வளவுதான் என்று மனம் ஒடிந்துவிடவும் வேண்டாம். ட்ரிப்யூனல் தன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஒரு பஸ், இரவில் தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 8 பேர் உடனே இறந்துபோனார்கள். கிரிமினல் கோர்ட் டிரைவரை விடுதலை செய்தது. அப்படியும் நஷ்டஈடு உண்டு என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

ஆகவே மகாஜனங்களே! நடுரோட்டில் டமால் என்று சத்தம் கேட்டால், முதலில் அடிபட்டவரைப் பாருங்கள். அப்புறம் வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ரோட்டில் மெதுவாகப் போவது நல்லதுதான். ஸ்டேஷனுக்கு மட்டும் அதிவேகமாகப் போய்விடுங்கள். அஜாக்கிரதை வேண்டாம்!