ஒட்டகப் பாலும் திரும்பி வரும் காய்ச்சலும்

மாவனல்லையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டப்புறங்களிலும் வாழும் மக்களுக்கு மத்திய கிழக்கு நாடுகள் புதியவை அல்ல. ஹஜ், உம்ரா கடமைகளை நிறைவேற்றச் செல்வோர் ஒருபுறமிருக்க, பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் பண்ணைத் தொழிலாளர்களாகவும் சவூதி அரேபியா, குவைத், கட்டார் முதலான நாடுகளுக்குச் சென்றோர் தமிழ்க் குடும்பங்களிலும் உள்ளனர், முஸ்லிம் குடும்பங்களிலும் உள்ளனர். அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நாடு அடிக்கடி பேசுகின்றது. அவர்களுடன் திரும்பி வரக்கூடிய ஒரு நோயைப் பற்றியும் பேச வேண்டியுள்ளது.

புரூசெல்லா என்னும் பற்றீரியா ஒட்டகம், ஆடு, மாடு ஆகியவற்றில் காணப்படுகின்றது. காய்ச்சாத பாலைப் பருகுவதாலும், அப்பாலிலிருந்து செய்த பாற்கட்டியை உண்பதாலும், நோயுற்ற விலங்கின் பிரசவத்தின்போதோ அறுக்கும்போதோ வெறுங்கையால் தொடுவதாலும் அது மனிதரைத் தொற்றுகின்றது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்தல், முதுகிலும் மூட்டுக்களிலும் நோவு, தீராத களைப்பு என்பன அதன் அறிகுறிகள். கவனியாது விட்டால் முள்ளந்தண்டையும் இதய வால்வுகளையும் தாக்கலாம்; கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் ஏற்படலாம்.

இது புதிதாகத் தோன்றிய நோயன்று. மோல்டாத் தீவில் பிரித்தானியப் படையினரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887 இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது ஆட்டுப் பாலின் வழியே பரவுகின்றது என்பதை 1905 இல் மோல்டா வைத்தியரான தெமிஸ்டொக்லிஸ் சமிட் வெளிக்கொணர்ந்தார். மறுவருடம் படையினருக்குப் பச்சை ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் பெருமளவு குறைந்தது. பாலை நன்கு காய்ச்சினால் கிருமி மடிகின்றது. எனினும் பச்சைப் பாலே சத்து மிக்கது என்ற நம்பிக்கை இன்றும் நீடிக்கின்றது.

நோய் அரும்பும் காலமே இங்கு பெரும் சிக்கலாகும். கிருமி உடலில் புகுந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் அறிகுறிகள் தோன்றுவது வழக்கம். சிலரில் பல மாதங்களும் செல்லலாம். அதற்குள் யாத்திரிகர் வீடு திரும்பியிருப்பார், தொழிலாளியும் விடுமுறையில் வந்திருப்பார். கேகாலை மாவட்டமோ எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனது. 2008 ஆம் ஆண்டு நாட்டில் 7,000 இற்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளர் எனச் சந்தேகிக்கப்பட்டு, சுமார் 200 பேர் உயிரிழந்த வேளையில் இம்மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்குவும் இங்கு ஓய்வதில்லை. ஆகவே காய்ச்சலோடு வருபவரைக் கண்டதும் வைத்தியரின் எண்ணம் இவ்விரண்டின் மீதே முதலில் செல்வது இயல்பு. எலிக்காய்ச்சலுக்கு வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் மருந்து புரூசெல்லாவையும் ஓரளவு அடக்கும். ஆனால் இந்நோய் முற்றாகக் குணமாவதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரங்கள் உட்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துடன் நிறுத்தினால் தணிந்த காய்ச்சல் மீண்டும் தலைதூக்கும்.

ஒட்டகத்திலிருந்து தொற்றுவது பற்றீரியா மட்டுமன்று. 2012 இல் இனங்காணப்பட்ட மெர்ஸ் ஒரு வைரஸ் நோய். அதுவும் ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றுகின்றது. 2014 ஏப்ரலில் உம்ராவிலிருந்து திரும்பிய மலேசியர் ஒருவர் அந்நோயால் உயிரிழந்தார். அவர் அங்கு ஒட்டகப் பண்ணைக்குச் சென்று பால் பருகியிருந்தார். 2015 இல் மத்திய கிழக்கிலிருந்து தென்கொரியா திரும்பிய ஒருவர், நோய் இன்னதென அறியப்படாமல் பல வைத்தியசாலைகளுக்குச் சென்றதன் விளைவாக 186 பேர் தொற்றுக்குள்ளாகி, 38 பேர் மாண்டனர். புரூசெல்லா மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. ஆயினும் நோயாளி எங்கிருந்து வந்தார் என்பதை முதலிலேயே அறிய வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

எனவே, காய்ச்சலுடன் வருபவரிடம் கடந்த ஆறு மாதங்களில் வெளிநாடு சென்றாரா, கால்நடைகளுடன் பழகினாரா, பச்சைப் பால் பருகினாரா எனக் கேட்பது ஆதார வைத்தியசாலை முதல் தோட்ட மருந்தகம் வரை வழக்கமாக வேண்டும். சந்தேகம் எழுந்தால் இரத்த மாதிரியுடன் ஆய்வுகூடத்துக்கும் அதனை அறிவிக்க வேண்டும். இக்கிருமி ஆய்வுகூட ஊழியர்களையும் தொற்றக்கூடியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சிகளிலும் ஹஜ் வழிகாட்டல் வகுப்புகளிலும் இவ்விடயம் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எடுத்துரைக்கப்பட வேண்டும். தோட்டத்துப் பெண்ணொருத்தி தனக்குப் புரியாத மொழியில் கேட்ட எச்சரிக்கையால் பயனில்லை.

ஒட்டகப் பால் ஆகுமானதே. அதில் எவருக்கும் ஐயமில்லை. அதனைக் காய்ச்சிப் பருகுங்கள் என்பதே வேண்டுகோள். நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் பச்சைப் பாலை அறவே தவிர்ப்பதுடன் ஒட்டகங்களை நெருங்காதிருப்பதும் நல்லது. ஊர் திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம், என்ன உண்டோம், பருகினோம் என்பதை வைத்தியர் கேட்கும் வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். பல மாத வேதனையை அந்த ஒரு தகவல் தவிர்க்கக்கூடும்.