ஆடியவரை 'ஆடாதவர்' ஆக்கும் விதி

இந்திய அணிக்காக முதன்முறை களமிறங்கும் வீரருக்கு ஒரு தொப்பி அளிக்கப்படுகிறது. அளித்த தொப்பியைத் திரும்பப் பெறும் வழக்கம் கிரிக்கெட்டில் இல்லை. ஆனால் ஐபிஎல் விதிப்புத்தகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

2025 ஏலத்திற்கு முன் ஒவ்வோர் அணியும் அதிகபட்சம் ஆறு வீரர்களைத் தக்கவைக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. சர்வதேச ஆட்டம் ஆடியவர் ஐவருக்கு மேல் கூடாது. ஆடாதவர் இருவருக்கு மேல் கூடாது. ஆடியவர்களுக்கு வரிசைப்படி 18, 14, 11, 18, 14 கோடி. ஆடாதவருக்கு 4 கோடி. கூடவே, 2021 வரை இருந்து நீக்கப்பட்ட பழைய விதி ஒன்றும் உயிர்பெற்றது: ஐந்தாண்டுகளாகச் சர்வதேச ஆட்டத்தின் பதினொருவரில் இடம்பெறாத, வாரியத்தின் மைய ஒப்பந்தமும் இல்லாத இந்திய வீரர் 'ஆடாதவர்' ஆவார்.

இதன்படி 90 டெஸ்டுகள், 350 ஒருநாள் போட்டிகள், 98 டி20 போட்டிகள் ஆடி, 2007, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்று தந்த மகேந்திர சிங் தோனி, சென்னை அணியின் கணக்கில் 'ஆடாதவர்' ஆனார். ஐந்தாவது வீரராக வைத்திருந்தால் 14 கோடி. இப்போது 4 கோடி. ஒரு சொல்லின் பொருளை மாற்றியதில் மிச்சம் 10 கோடி.

தமிழில் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. 'ஆடாத' என்பது நேற்றா, இன்றா, என்றுமேவா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். கிரிக்கெட் வழக்கில் அச்சூழல் ஐயத்திற்கு இடமின்றி 'என்றுமே' என்று சொல்லி வந்தது. விதியோ அதை 'அண்மையில்' என்று திருத்திவிட்டு, பெயரை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டது. இது வரையறை அன்று. வரையறை என்னும் போர்வையில் அளிக்கப்பட்ட தள்ளுபடி.

தள்ளுபடியின் விலையைக் கொடுப்பவர் யார்? ராஜஸ்தான் அணியைப் பாருங்கள். சாம்சன், ஜெய்ஸ்வால், பராக், ஜுரெல், ஹெட்மயர் என ஆடியவர் ஐவரும் நிறைந்தபின், எஞ்சிய ஆறாம் இடம் ஆடாதவர் ஒருவருக்கே உரியது. அவ்விடத்தில் 2015இலேயே இந்தியாவுக்காக ஆடிய சந்தீப் சர்மா வைக்கப்பட்டார். அவர் திறமையில் குறையில்லை. அணியின் கணக்கிலும் பிழையில்லை. ஆனால் ரஞ்சி மைதானங்களில் உழைக்கும் ஒருவருக்கென்று ஒதுக்கிய நாற்காலி அது.

மூத்த வீரருக்கும் வாழ்வு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். அவர் விலை குறைவதிலும் தவறில்லை. வயதுக்கேற்ப மதிப்பு மாறுவது விளையாட்டின் இயல்பு. அதற்கு 'முன்னாள் சர்வதேச வீரர்' என்று தனிப்பிரிவு வகுத்து, தனி விலையும் தனி இடமும் தரலாம். அப்போது மூத்தவரின் வரலாறும் அழியாது, இளையவரின் இடமும் பறிபோகாது.

பொருளை மாற்ற வேண்டுமெனில் பெயரையும் மாற்றுவதே நேர்மை. ஆடியவரை ஆடாதவர் என்று அழைக்கும் விதி, ஆடியவரையும் அவமதிக்கிறது. ஆடக் காத்திருப்பவரையும் ஏமாற்றுகிறது.