கை கழுவினால் போதுமா?

சோறுண்ணுமுன் கையைக் கழுவு என்று பள்ளியிலே கற்பிக்கிறார்கள். நல்ல பாடந்தான், குறை கூறுவார் இலர். ஆனால் தோழர்களே, கழுவுவதற்கு மொண்ட நீரே கெட்டிருந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளைக்குப் பாடஞ்சொல்லிவிட்டு, நீரைக் கெடுத்தவரை ஒரு சொல்லும் கேளாது விடுவோமானால், உண்மையில் கை கழுவியவர்கள் நாமல்லவா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் வழியில், சின்னாளப்பட்டியை அடுத்து இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிலையம். அதன் கொள்கைகள் அனைத்தும் நமக்கு உடன்பாடா என்பது வேறு பேச்சு. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நோயாளி வரட்டும் என்று மருத்துவமனை வாயிலிலே காத்திராமல், ஊருக்குள் சென்று நலவாழ்வைக் கற்பிக்க முனைந்தவர்கள் அவர்கள். 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி நலத்திட்டம். 1964-இல் அதற்கெனவே ஒரு பயிற்சி நிறுவனம்.

அந்த ஆத்தூருக்கு அண்டையிலேதான் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு வந்தது. கழிவுநீரின் நஞ்சு பெருகிற்று. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கழிவுநீர்! அது போய்ச் சேருமிடம் எது? நிலம், நிலத்தடி, கிணறு.

13 சிற்றூர்களிலே ஒரு தொண்டு நிறுவனத்தார் கிணறு கிணறாகச் சென்று பார்த்தனர். குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட கிணறுகள் 467; அவற்றில் கெட்டவை 350! நான்கு கிணற்றுக்கு மூன்று கிணறு! பெண்களும் பிள்ளைகளும் குடத்தைச் சுமந்து கல் தொலைவு நடந்தனர். அரசாங்க அலுவலகம் எண்ணித் தந்த கணக்கன்று இது. மக்களிடையே நின்றவர்கள் எடுத்த கணக்கு. அந்தக் கணக்குத்தான் உச்ச நீதிமன்றத்தின் ஏட்டிலே ஏறிற்று. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவனே இழப்பீடு தரவேண்டும் என்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது.

ஆலையை நெருக்கினால் தொழிலாளியின் அடுப்பு அணையுமே என்பார் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் எண்ணிப் பாருங்கள்: குரோமிய நீரிலே வெறுங்காலோடு நிற்பவன் யார்? அதே தொழிலாளி. கெட்ட கிணற்றிலே அவன் மனைவி நீர் இறைக்கிறாள். முதலாளியின் வீட்டுக்கோ நல்ல நீர் விலைக்கு வருகிறது! கழிவைத் தூய்மை செய்யும் செலவைக் கூலியிலிருந்து பிடிக்காதே, ஆதாயத்திலிருந்து கொடு என்பதே நம் வழக்கு. வேலையா, நீரா என்று ஏழையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை.

சுற்றுச்சூழலைப் பள்ளி கல்லூரிகளிலே கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பணித்தது. பாடமும் வந்தது, தேர்வும் வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. துருவப் பனி உருகுவதைப் பிள்ளை ஒப்பிக்கிறான். தன் தெருக் கிணற்றிலே உப்பு எவ்வளவு என்று கேளுங்கள், விழிப்பான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். குரோமியமோ 0.05-ஐத் தாண்டலாகாது. மூன்றே எண்கள்! இவற்றைக் கற்பிக்கப் பேராசிரியர் வேண்டுமா?

கிளைத் தோழர்கள் இதைச் செய்யலாம். உப்பை அளக்கும் சிறு கருவியை ஒரு பிள்ளையின் கையிலே கொடுத்தால் அரை நாழிகையிலே கற்றுக்கொள்வான். குரோமியத்துக்கு மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு நீரை அனுப்பவேண்டும். படிப்பகத்திலே செய்தித்தாளுக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றேடு இருக்கட்டும்: எந்தக் கிணறு, எந்த நாள், எவ்வளவு.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. பிள்ளைகள் எழுதிய அந்த ஏட்டை ஒரு தாய் எழுந்து நின்று படிக்கட்டும். ஊராட்சித் தலைவர் நம் தோழராகவே இருந்தாலும் சரி, அவருக்கு விடை சொல்லியே தீரவேண்டும்.