ஏடு இணையத்திலே, ஏழை எங்கே?

செக்கிழுத்த சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்திலே இன்று ஒரு மாணவன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து, சென்னை சென்றாலொழியக் காணக்கிடைக்காத பழம் நூல்களைக் காசின்றிப் புரட்டலாம். சிறையிலே வாடியபோதும் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கிய அந்தப் பெருமகனார் கண்டால் பூரிப்பார்!

நாமும் பூரிக்கிறோம். 1981-லே யாழ்ப்பாணத்து நூலகத்தைத் தீயிட்டனரே, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயினவே, மறப்போமா? 2005-லே ஈழத்தமிழர் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணையத்தில் ஏடுகளைச் சேர்க்கத் தொடங்கினர். இனி ஒரு கட்டடம் எரிந்தாலும் ஏடு எரியாது.

ஆனால், “எல்லாம் கைப்பேசியிலே இருக்கிறதே, கிராமத்துக்கு நூலகம் ஏன்?” என்று மாடியிலிருந்து சிலர் கேட்கின்றனர். மேதாவிகள்! வேப்பலோடை உப்பளத்துக்குத் தகப்பன் போகும்போது, வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியும் அவன் மடியிலே போகிறது. மகள் எதிலே படிப்பாள்? படமெடுத்து ஏற்றிய பக்கங்கள் பலவற்றில் சொல்லைத் தேடினால் கிட்டாது. எந்த நூலில் எது உண்டு என்று காட்ட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நூலகர்.

1948-லே சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. குடிசைக்காரனும் கட்டுகிறான். அவன் ஊர் நூலகத்திலே கணினி வை, இணைய இணைப்புக் கொடு, காட்டித்தர நூலகரை அமர்த்து என்கிறோம். உப்பளத்து வேலை முடிந்து வருகிறவனும் நுழையும்படி, இரவு 8 மணிவரை கதவு திறந்திருக்கட்டும்.